ரத்தப் புற்றுநோய்: மருந்து வந்தது, அளவு எப்போது?

புதுதில்லி: ஏழைக் குழந்தைக்கும் எட்டும் விலையில் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்தைத் தயாரிக்க முடியும் என்று 1980-களில் இந்தியா காட்டியது. அதில் புணே நகருக்குப் பெரும்பங்கு உண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து இப்போது எழுந்திருப்பது வேறொரு கேள்வி. அந்த மருந்துகளை எந்தக் குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது?

இதற்கான விடையின் ஒரு பகுதி, தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுக்களில் இருக்கிறது. அதை அறிவியல் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. அதை அரசு மருத்துவமனையின் படுக்கை வரை கொண்டு சேர்ப்பதுதான் மிச்சம். அந்தப் பொறுப்பு ஆய்வுக்கூடங்களைத் தாண்டி, தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் கோப்புகளில் கையெழுத்திடுவோரிடம் வந்து நிற்கிறது.

நித்தியகல்யாணியும் புணேவும்

தமிழகத்தில் சுடுகாட்டு ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் தானாகவே முளைக்கும் நித்தியகல்யாணிச் செடிக்கும், குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பலருக்கும் தெரிந்திருக்காது. அச்செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அது இன்றளவும் தவிர்க்க முடியாத மருந்து.

டன் கணக்கில் இலையைச் சேர்த்தாலும் கிடைக்கும் மருந்து சில கிராம்தான். எனவே அதன் விலையும் நீண்ட காலம் உச்சத்தில் இருந்தது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் செடி விளைந்தது. மருந்தோ வெளிநாட்டிலிருந்து வந்தது.

இந்த நிலையை மாற்றியது புணேவில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம். மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் 1950-ல் தொடங்கப்பட்ட இந்த ஆய்வகம், சிப்லா நிறுவனத்துடன் இணைந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய இரு மருந்துகளையும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை 1980-களின் நடுவில் உருவாக்கியது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்று 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வகுத்திருந்த காலம் அது.

அதே வழியில் வந்த வெற்றிதான் இமாடினிப் வழக்கு. ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கான அம்மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ம் தேதி அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. மாதத்துக்கு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்து, உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பாகச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நிலை நிலைபெற்றது.

ஆக, விலை என்ற முதல் தடையை இந்தியா பெருமளவு தாண்டிவிட்டது. இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. அது நோயாளியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

இரு வகை மரபணு மாற்றங்கள்

ரத்தப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது இரண்டு வகை மரபணு மாற்றங்களைக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதல் வகை, நோயுற்ற அணுக்களில் மட்டும் பிற்பாடு ஏற்படும் மாற்றம். இமாடினிப் தாக்கும் பிலடெல்பியா குரோமோசோம் இந்த வகையைச் சேர்ந்தது. அது பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளுக்குச் செல்வதுமில்லை.

இரண்டாம் வகை, பிறக்கும்போதே உடலின் ஒவ்வோர் அணுவிலும் உள்ள மரபுவழி வேறுபாடு. ஒருவருக்குக் கண் கருப்பாகவும் மற்றொருவருக்குப் பழுப்பாகவும் இருப்பதுபோல, மருந்தைச் செரித்துக் கழிக்கும் நொதிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. நோய் எவ்வளவு தீவிரமாக வரும், மருந்துக்கு எப்படிக் கட்டுப்படும், மருந்தே எவ்வளவு தீங்கு செய்யும் என்ற மூன்றிலும் இந்த வேறுபாட்டுக்குப் பங்கு உண்டு.

முதல் வகையைக் கண்டறியும் சோதனைகள் நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. இரண்டாம் வகைக்கு அந்த இடம் இன்னும் எல்லா இடங்களிலும் கிடைக்கவில்லை. இங்குதான் கொள்கை முடிவு தேவைப்படுகிறது.

ஒரே மாத்திரை, வேறு வேறு விளைவு

கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோர் உருவாக்கிய மெர்காப்டோப்யூரின் மாத்திரை 1953-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இருவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றனர். லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் வந்தபின், அது திரும்பாமல் தடுக்க இந்த மாத்திரையைச் சுமார் இரண்டு ஆண்டுகள் அன்றாடம் சாப்பிட வேண்டும். ஊசியோ மருத்துவமனைப் படுக்கையோ இதற்குத் தேவையில்லை. குழந்தை வீட்டிலேயே இருந்து விழுங்கும் மலிவான மாத்திரை இது.

அளவு குறைந்தால் நோய் திரும்பும். அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும். வெள்ளணுக்கள் அடியோடு குறையும். சாதாரணக் காய்ச்சலும் உயிரைப் பறிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை மிகக் குறுகலானது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே இடத்தில் இருப்பதுமில்லை.

டி.பி.எம்.டி. என்னும் நொதி இம்மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பதும், அது பரம்பரையாகக் குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம் என்பதும் 1980 வாக்கில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நொதி செயல்படுவதே இல்லை. மேலை நாடுகளில் மெர்காப்டோப்யூரின் தொடங்குமுன் இச்சோதனை செய்வது அதனால் பழக்கமாயிற்று. மருத்துவ நூல்களிலும் அதுவே இடம்பிடித்தது.

ஆனால் ஆசியக் குழந்தைகளில் பலருக்கு டி.பி.எம்.டி. சரியாக இருந்தும் வெள்ளணுக்கள் சரிந்தன. காரணம் வெகு காலம் புலப்படவில்லை. குடல் அழற்சி நோய்க்கு இதே வகை மருந்து சாப்பிட்ட கொரிய நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், என்.யு.டி.டி.15 என்ற மற்றொரு மரபணுவே அதற்குக் காரணம் என்று 2014-ல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடமும் அதை உறுதி செய்தனர். இந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ள குழந்தைகளால், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியவில்லை.

இந்த மாற்றம் ஐரோப்பியர்களிடம் மிக அரிது. அங்குள்ள பிரதிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கிழக்காசியாவில் சுமார் 10 விழுக்காடு. தெற்காசியாவில் சுமார் 7 விழுக்காடு. அந்த 7 விழுக்காட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயத்தின் கனம் விளங்கும். எட்டுப் பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் ஒரு பிரதியில் மாற்றம் உள்ளவர்கள். 200 பேரில் ஒருவருக்கு இரு பிரதிகளிலும் மாற்றம். டி.பி.எம்.டி. குறைபாடோ இந்தியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது.

அதாவது, மேலை நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பின்பற்றி டி.பி.எம்.டி. சோதனையை மட்டும் செய்தால், இந்தியக் குழந்தைக்கு உள்ள பெரிய ஆபத்து வலையில் சிக்காமல் போய்விடும். எந்த மக்களை ஆராய்ந்தோமோ அந்த மக்களுக்கான மருத்துவமே உருவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எல்லாச் சோதனையும் வேண்டுமா?

மரபணு என்றதும் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம் என்ற ஆர்வம் எழுவது இயல்பு. அரசு அதற்கு இடம் கொடுக்கத் தேவையில்லை. எது உறுதிப்பட்டது, எது ஆய்வில் இருப்பது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

வின்கிரிஸ்டினையே எடுத்துக்கொள்ளலாம். இம்மருந்தால் சில குழந்தைகளுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டு, கால் தளர்ந்து, நடை தடுமாறும். சி.இ.பி.72 என்ற மரபணுவின் ஒரு வகை இரு பிரதிகளிலும் இருப்போருக்கு இப்பாதிப்பு கூடுதலாக வருவதாக 2015-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. அதன்பின் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. எனவே, அதை வைத்து இப்போதே மருந்தின் அளவைக் குறைப்பது சரியாகாது.

இமாடினிப்பிலும் இப்படியொரு செய்தி உண்டு. பிம் என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாதவர்களுக்கு அம்மருந்து எதிர்பார்த்த அளவு பலன் தருவதில்லை என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012-ல் தெரிவித்தனர். அந்த வேறுபாடு கிழக்காசியர்களுக்கே உரியது. இந்தியாவுக்கு அதை அப்படியே இறக்குமதி செய்வதில் பொருளில்லை.

நோயின் போக்கிலும் மரபுக்குப் பங்கு உண்டு. கேட்டா-3 என்ற மரபணுவின் ஒரு வகை, எளிதில் கட்டுப்படாத ரத்தப் புற்றுநோயுடன் தொடர்புடையது என 2013-ல் தெரியவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. அமெரிக்கப் பழங்குடி வம்சாவளி கலந்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது. கூடுதலாக ஒரு சுற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு கண்டது. மரபணு தலைவிதி அல்ல. தெரிந்துகொண்டால் மாற்றக்கூடியது என்பதே அதன் பாடம்.

இந்தப் பட்டியலில் இன்றைய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயாராக இருப்பது டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற இணைச் சோதனைதான். இரண்டுக்கும் சேர்த்து மருந்தளவு குறித்த சர்வதேச வழிகாட்டி நெறி 2018-ல் திருத்தி அமைக்கப்பட்டது. ஜப்பான் அரசு 2019-ல் என்.யு.டி.டி.15 சோதனையைப் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தது. ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

மறுதரப்பு வாதம்

மருத்துவர்களில் ஒரு சாரார் இதற்குப் பதில் சொல்கின்றனர். வாரந்தோறும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, குறைந்தால் மாத்திரையைக் குறைத்து, கூடினால் ஏற்றி, பல ஆண்டுகளாக இந்தியக் குழந்தைகளைக் காப்பாற்றி வருகிறோம். தனிச் சோதனை எதற்கு என்பது அவர்கள் வாதம். வெள்ளணுக் குறைவுக்கு ஊட்டக்குறைவும் தொற்றுநோயும்கூடக் காரணம் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இதில் உண்மை இருக்கிறது. மரபணுச் சோதனை ரத்தப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. ஆனால் அந்த முறை நன்றாக நடப்பது, மருத்துவமனைக்கு அருகில் வீடு எடுத்துத் தங்கக்கூடிய குடும்பங்களிடம்தான். சோலாப்பூர், சதாரா கிராமங்களிலிருந்து புணேவின் சசூன் அரசு மருத்துவமனைக்கோ, தருமபுரியிலிருந்து சென்னைக்கோ வந்து போகும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு, இரண்டு ரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவே உள்ள நாள்களே உயிருக்கு உலை வைக்கலாம். இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ள குழந்தை, முழு அளவு மாத்திரையைச் சில வாரங்கள் விழுங்கினாலே நிலைமை கைமீறிவிடும்.

வளர்ந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இந்தியா அந்த நிலையை இன்னும் எட்டவில்லை. நோய் திரும்புவது மட்டும் அதற்குக் காரணமல்ல; சிகிச்சையின்போது வரும் தொற்றும், பாதியில் சிகிச்சையைக் கைவிடுவதும் முக்கியக் காரணங்கள். இவ்விரண்டிலும் தவறான மருந்தளவுக்குப் பங்கு உண்டு. மாத்திரையால்தான் பிள்ளைக்கு முடியாமல் போகிறது என்று ஒருமுறை நம்பிவிட்ட பெற்றோர், அதை மீண்டும் தரத் தயங்குவது இயற்கை.

சாதியும் மரபணுவும்

இந்தியாவில் மரபணுவைப் பற்றிப் பேசினால் சாதியைத் தவிர்க்க முடியாது. புணே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே, அகமணமே இந்தியச் சமூகக் குழுக்களின் அடிப்படை என்று வலியுறுத்தியவர். ஒரே குழுவுக்குள் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்துவந்தால், மூதாதையர் சிலரிடம் இருந்த அரிய மாற்றம் அக்குழுவில் பெருகிவிடும். ஹைதராபாதில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்று 2017-ல் வெளியான ஆய்வு, தெற்காசியாவில் 80-க்கும் மேற்பட்ட குழுக்களில் இந்த விளைவு மிக வலுவாக இருப்பதாகக் கண்டது.

மயக்க மருந்துடன் தரப்படும் தசைத் தளர்வு மருந்து ஒன்று, வைசிய சமூகத்தினர் சிலருக்கு நெடுநேரம் நீடித்து மூச்சுத் திணறலை உண்டாக்குவது தென்னிந்திய மருத்துவர்கள் அறிந்த செய்தி. அதுவும் மரபுவழி வந்த நொதிக் குறைபாடே.

எனவே, இந்தியர் என்ற ஒற்றைச் சராசரி போதாது. இந்தக் குறையை நிரப்பவே 2020-ல் ஜீனோம் இந்தியா திட்டம் தொடங்கப்பட்டது. புணே ஐசர் உள்ளிட்ட 20 நிறுவனங்கள் பங்கேற்ற இத்திட்டத்தில், பழங்குடியினர் உள்பட 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10 ஆயிரம் பேரின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டன. அந்தத் தரவுகள் 2025 ஜனவரி 9-ம் தேதி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன.

அதே நேரத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்தச் சாதிக்கு எந்த மரபணு என்று முத்திரை குத்துவது மருத்துவத்துக்கும் உதவாது, சமூகத்துக்கும் உதவாது. சோதிக்க வேண்டியது நோயாளியை; அவரது சாதிச் சான்றிதழை அல்ல. கார்வேயே இதற்கு வழிகாட்டி. 1920-களின் இறுதியில் பெர்லினில் இனவாதக் கருத்து கொண்ட பேராசிரியரின் கீழ் மண்டையோடுகளை அளந்த அவர், வெள்ளையர் உயர்வு என்ற கருத்தைத் தம் அளவீடுகள் ஆதரிக்கவில்லை என்றே எழுதினார்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

சோதனை பரவலானால், அதன் முடிவு யார் கையில் இருக்கும் என்ற கேள்வியும் வரும். குழந்தையின் மரபணு முடிவு, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பற்றிய செய்தியும் ஆகும்.

2019-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, மரபணுத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையாகப் பிரித்திருந்தது. அம்மசோதா 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தனி வகை இல்லை. டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவோ குற்றப் புலனாய்வை மையமாகக் கொண்டது. அதுவும் 2023-ல் திரும்பப் பெறப்பட்டது.

மரபணுவைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து காப்பீட்டு நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. அமெரிக்கா 2008-லேயே மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாரபட்சத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இந்திய நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை இதுவரை நிறைவேற்றவில்லை.

பணமா, மனமா?

மக்கள் நல்வாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆராய்ச்சியும் பெரும்பகுதி நிதியும் மத்திய அரசிடம் உள்ளன. இரண்டுக்கும் நடுவே இதுபோன்ற சிறிய சோதனைகள் விழுந்துவிடுவது புதிதல்ல.

புற்றுநோய் சிகிச்சையின் செலவு குறித்து நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் விரிவான அறிக்கை அளித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான உள்நாட்டு கார்-டி செல் சிகிச்சை 2023-ல் அனுமதி பெற்றது. 2024-ல் குடியரசுத் தலைவர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பல லட்சம் ரூபாய் செலவாகும் புதிய சிகிச்சைக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்கு, சில ரூபாய் மாத்திரையின் அளவைச் சரிசெய்யும் சோதனைக்குக் கிடைத்தாலே போதும்.

அதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. டாடா நினைவு மையம் முன்னின்று 2012-ல் உருவாக்கிய தேசிய புற்றுநோய்க் கட்டமைப்பில் இன்று 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உள்ளன. அவை ஒன்றுசேர்ந்து பேரம் பேசி மருந்துகளின் விலையைக் குறைத்த அனுபவம் உண்டு. அதே பேரத்தை இச்சோதனைக்கும் நடத்தலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ரத்த மாதிரியை அனுப்பினால் போதும். மும்பை, தில்லி, சண்டீகர், கொல்கத்தா, சென்னை அடையாறு மையங்கள் இணைந்து ஒரே நெறிமுறையில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை அளித்துவருவதால், பலனை அளந்து பார்க்கவும் களம் தயாராக உள்ளது.

ஆயுஷ்மான் பாரத், மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம், தமிழகத்தின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைத் தொகுப்பில் இச்சோதனைக்கு உறுதியான இடம் தரப்பட வேண்டும். இடம் இல்லாவிட்டால், வசதி உள்ளவர் தனியார் கூடத்தில் செய்துகொள்வார். மற்றவரின் பிள்ளைக்கு மாத்திரையே சோதனையாகிவிடும்.

1980-களில் புணே ஆய்வகத்தில் வின்கிரிஸ்டின் உருவானபோது, அதைச் சந்தைக்குக் கொண்டுவர ஒரு நிறுவனமும் சாதகமான சட்டமும் அரசின் ஆதரவும் ஒருங்கே அமைந்தன. இப்போது தேவைப்படும் முதலீடு அதைவிடப் பன்மடங்கு குறைவு. தொகுப்பில் ஒரு வரி, கொள்முதலில் ஒரு பேரம், நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். இவற்றில் முதல் இரண்டுக்கு அவையின் கூட்டத்தொடருக்காகக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.